ஒரே வீடு, இரண்டு குரல்: பாட்டுப் பதிவுக்கு எந்த டைனமிக் மைக்?

பெரியப்பா மகள் அக்கா மடிப்பாக்கத்தில் இருக்கிறார். இருபது வருடமாக அக்கம்பக்கத்துப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லித் தருகிறார். போன வருடம் நவராத்திரி முடிந்த கையோடு என்னைக் கூப்பிட்டு, "நான் பாடுறதையெல்லாம் ஒழுங்கா பதிவு பண்ணி வைக்கணும்டா, என்ன மைக் வாங்கட்டும்?" என்று கேட்டார். கல்லூரியில் படிக்கும் அவர் மகனும் பாடுவான். ஆனால் அது வேறு பாட்டு, கழுத்து நரம்பு புடைக்கப் பாடுவது. இருவருக்கும் பொதுவாக ஒரு மைக் போதும் என்றுதான் முதலில் நினைத்தோம்.

அறை இரண்டாவது மாடியில் இருக்கிறது, பத்துக்குப் பதினொன்று. மொசைக் தரை, ஒரு இரும்பு பீரோ, தெருவைப் பார்த்த ஜன்னல். ஏற்கெனவே ஒரு கண்டென்சர் மைக், அதாவது மெல்லிய ஒலியையும் எளிதில் பிடிக்கும் வகை, வாங்கி வைத்திருந்தார்கள். அதில் அக்கா பாடிய ஒரு பதிகத்தைக் கேட்டேன். குரல் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் குரலுக்குப் பின்னால் அறை முழுக்கக் கேட்டது. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி, பக்கத்து வீட்டு குக்கர், காய்கறி வண்டியில் கட்டிய ஒலிபெருக்கி, எல்லாமே இருந்தன. அறையைச் சரிசெய்யப் பெரிய செலவு பண்ண முடியாதவர்கள் டைனமிக் மைக் பக்கம் வருவது இதற்காகத்தான்.

இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லிவிட வேண்டும். டைனமிக் மைக் வெளிச்சத்தத்தை வடிகட்டிவிடும் என்று பலர் சொல்கிறார்கள். அப்படி ஒரு வடிகட்டி அதற்குள் கிடையாது. மெல்லிய சவ்வு, அதில் ஒட்டிய கம்பிச்சுருள், சுற்றிலும் காந்தம், அவ்வளவுதான். சவ்வு அசையச் சுருளும் காந்தப் புலத்துக்குள் அசைகிறது, மின்னழுத்தம் பிறக்கிறது. அந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. அதனால் வாயை மைக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோகிறோம். வேலையைச் செய்வது அந்த நெருக்கம்தான். வாய்க்கும் மைக்குக்கும் உள்ள தூரத்தைப் பாதியாக்கினால் குரல் ஏறக்குறைய 6 டெசிபல் கூடும், அறையின் எதிரொலி அதே அளவில் நிற்கும். 30 சென்டிமீட்டரிலிருந்து ஏழரை சென்டிமீட்டருக்கு வந்தால் 12 டெசிபல் லாபம். கண்டென்சரையும் அப்படி நெருங்கிப் பாடலாம்தான். ஆனால் மூச்சும் எச்சில் சத்தமும் 'ப' என்று வெடிக்கும் காற்றும் அதில் தாங்காது. பாட்டுக்கென்று செய்யப்பட்ட டைனமிக் மைக்குகள் அந்த நெருக்கத்தை எதிர்பார்த்தே செய்யப்பட்டவை.

ஆகவே மைக்கைத் தேர்ந்தெடுப்பதற்கு முன்னால் பாடுபவரைப் பாருங்கள். அவர் எவ்வளவு பக்கத்தில் நின்று பாடுவார், பாடும்போது தலை எவ்வளவு அசையும், எவ்வளவு உரக்கப் பாடுவார். இந்த மூன்றும் தெரிந்துவிட்டால் தேர்வு பாதி முடிந்த மாதிரி.

நாங்கள் ஒப்பிட்டது மூன்று மைக்குகளை. ஷூர் எஸ்எம்58, ஷூர் எஸ்எம்7பி, எலக்ட்ரோ-வாய்ஸ் ஆர்இ20. முதலாவது என்னிடமே இருந்தது. மற்ற இரண்டும் இரவல். ஒரு சனி, ஞாயிறு முழுக்க அந்த அறையிலேயே உட்கார்ந்து சோதித்தோம்.

எஸ்எம்58 வந்தது 1966ல். மேடையிலேயே பார்த்துப் பழகியதால் அதை மேடை மைக் என்று முடிவுகட்டிவிட்டோம். ஆனால் எஸ்எம் என்பது ஸ்டுடியோ மைக்ரோஃபோன் என்பதன் சுருக்கம். அதற்கு முந்தைய வருடம் வந்த எஸ்எம்57க்கும் இதற்கும் ஒரே வேர், எர்னி சீலர் என்ற பொறியாளர் உருவாக்கிய யூனிடைன் 3 என்ற காப்ஸ்யூல், அதாவது ஒலியைப் பிடிக்கும் உள்பாகம். 58இன் தலையில் இருக்கும் வலைப் பந்தும் உள்ளே உள்ள பஞ்சும்தான் இரண்டுக்கும் கண்ணுக்குத் தெரியும் வித்தியாசம். 57ல் பாட்டுப் பதிவு செய்ய நினைத்தால் காற்று வெடிப்பைத் தடுக்க முன்னால் ஒரு பாப் ஃபில்டர் திரை கட்டாயம் வேண்டும். வைத்துவிட்டால் 58ஐ விடக் கொஞ்சம் கூர்மையாகவே பாடும்.

58இன் வீச்சு 50 முதல் 15,000 ஹெர்ட்ஸ் வரை. ஏறக்குறைய 4,000 ஹெர்ட்ஸுக்கு மேலே ஒரு மேடு இருக்கிறது. சொற்கள் முன்னால் வந்து நிற்பது அந்த மேட்டால்தான். கீழே அடிக்குரல் பகுதியில் மைக்கே கொஞ்சம் சரிகிறது. உதட்டை ஒட்டிப் பாடும்போது இயல்பாகவே அடிக்குரல் தடித்துவிடும் என்பதால், இரண்டும் சேர்ந்து சமமாகிவிடுகின்றன. இதை வடிவமைத்தவர்கள் நன்றாக யோசித்திருக்கிறார்கள்.

அக்கா மகன் இதில் பாடியதும் எனக்கு வேறு எதையும் சோதிக்கத் தோன்றவில்லை. வலையில் உதடு படுகிற மாதிரி நின்று, முழுக் குரலில் பாடினான். குரல் உடையவில்லை, அறை கேட்கவில்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாக இருந்தது. சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைக் குறைக்கும் கம்ப்ரஸர் கொஞ்சம் போட்டதும் வாத்தியங்களோடு சேர்ந்த மிக்ஸில் அப்படியே உட்கார்ந்துவிட்டது.

அதே மைக்கில் அக்கா பாடியபோதுதான் சிக்கல் தெரிந்தது. அவர் மைக்கை ஒட்டி நிற்க மாட்டார். நான்கு விரல் தூரத்தில் தொடங்குவார், உருக்கமான இடத்தில் கண்ணை மூடித் தலையை இடது பக்கம் சாய்ப்பார், மேல் ஸ்தாயிக்குப் போகும்போது ஒரு முழம் பின்னால் போய்விடுவார். குருவிடம் உட்கார்ந்து கற்றபோது வந்த பழக்கம் அது. பக்கத்தில் இருந்தபோது கீழ் ஸ்வரங்கள் புடைத்துக்கொண்டு வந்தன, பின்னால் போனதும் குரல் மெலிந்து வேறொருவர் பாடுவது போல ஆனது. மேலே பாடும்போது அவர் குரலில் இயல்பாக உள்ள கூர்மையை 58இன் மேடு இன்னும் தீட்டிவிட்டது. அந்தப் பகுதியில் 3 டெசிபல் குறைத்தால் கேட்கும்படி இருந்தது. ஆனால் தூரம் மாறுவதால் வரும் வித்தியாசத்தை, இப்படி அதிர்வெண்களைக் கூட்டிக் குறைக்கும் எந்த ஈக்யூவாலும் சரிசெய்ய முடியவில்லை.

அடுத்து எஸ்எம்7பி. இதைப் பற்றித்தான் ஆளாளுக்குக் கேட்கிறார்கள், யூடியூபில் பேசுபவர்கள் எல்லோர் முன்னாலும் இது தொங்குவதால். எஸ்எம்7 என்ற பெயரில் 1970களில் வந்தது, இப்போதுள்ள 7பி வடிவம் 2001ல் வந்தது. 1982ல் வெளியான மைக்கேல் ஜாக்சனின் 'த்ரில்லர்' ஆல்பத்தில் அவர் குரலை ஒலிப்பொறியாளர் புரூஸ் ஸ்வீடியன் எஸ்எம்7ல் பதிவு செய்தார் என்பது இதன் பெருமைகளில் ஒன்று. உள்ளே இருப்பது 57, 58ல் இருக்கும் அதே யூனிடைன் குடும்பத்துக் காப்ஸ்யூல்தான். ஆனால் அதைச் சுற்றிக் கட்டிய உடம்பு வேறு. காப்ஸ்யூலுக்கு முன்னால் இடம் விட்டு வலையும் பஞ்சும் வைத்திருப்பதால், நீங்கள் எவ்வளவு முட்டிக்கொண்டு பாடினாலும் காப்ஸ்யூலிலிருந்து சில சென்டிமீட்டர் தள்ளியே இருப்பீர்கள். காற்று வெடிப்பு பெரும்பாலும் அங்கேயே நின்றுவிடும். பின்பக்கம் இரண்டு ஸ்விட்ச், ஒன்று அடிக்குரலைக் குறைக்க, இன்னொன்று சொல்தெளிவைக் கூட்ட. எடை முக்கால் கிலோவுக்கு மேல், மெலிந்த ஸ்டாண்டில் மாட்டினால் மெல்லத் தலைகுனியும்.

ஒலி எப்படி? தடிமனாக, வழவழப்பாக இருக்கும், 'ஸ' 'ஷ' எதுவும் காதைக் குத்தாது. பையன் குரலுக்கு 58ஐ விட இது ஒரு படி மேல் என்று ஒப்புக்கொள்கிறேன். ஹெட்ஃபோனில் கேட்டால் தெரிகிற வித்தியாசம் அது. ஆனால் வாத்தியங்களோடு சேர்த்துக் கேட்டபோது அந்த ஒரு படி பாதிப் படியாகிவிட்டது.

சரி, இதற்கு இன்னொரு விலை இருக்கிறது. அதைப் பலர் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொள்கிறார்கள், நானும் அப்படித்தான் தெரிந்துகொண்டேன். இந்த மைக்கின் வெளியீடு மிகக் குறைவு. ஒரு பாஸ்கல் ஒலியழுத்தத்துக்கு, அதாவது 94 டெசிபலுக்கு, இது தருவது 1.12 மில்லிவோல்ட். 58 தருவது 1.85. கண்டென்சர்கள் பலவும் இதைப் போலப் பல மடங்கு தரும். சில வருடங்களுக்கு முன் என்னிடம் இருந்த பழைய இன்டர்ஃபேஸில், அதாவது மைக்கைக் கணினியோடு இணைக்கும் பெட்டியில், எஸ்எம்7பி ஒன்றை மாட்டி, ஒலியைப் பெருக்கும் கெயின் குமிழைக் கடைசி வரை திருப்பியும் குரல் எழும்பவில்லை. எழும்பியதெல்லாம் 'உஸ்' என்ற இரைச்சல். மைக்கே கெட்டுப்போனது என்று நினைத்து இரண்டு நாள் தூக்கமில்லாமல் கழிந்தது.

இந்த மைக்குக்குக் குறைந்தது 60 டெசிபல் கெயின் வேண்டும் என்று ஷூரே சொல்கிறது. ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் 2ஐ2இன் மூன்றாம் தலைமுறையில் இருப்பது 56, நான்காம் தலைமுறையில் 69. ஆக, உங்கள் கையில் இருக்கும் இன்டர்ஃபேஸ் எது என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். போதவில்லை என்றால் இடையில் கிளவுட்லிஃப்டர் அல்லது ஃபெட்ஹெட் மாதிரி ஒரு சின்னப் பெட்டி வைக்கலாம். இன்டர்ஃபேஸ் தரும் 48 வோல்ட் ஃபேண்டம் பவரை அது எடுத்துக்கொண்டு, மைக்கின் ஒலியை ஏறக்குறைய 25 டெசிபல் உயர்த்திக் கொடுக்கும். 2023ல் வந்த எஸ்எம்7டிபியில் அந்தப் பெட்டியின் வேலையைச் செய்யும் ஆம்ப் உள்ளேயே இருக்கிறது, 18 அல்லது 28 டெசிபல் என்று தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம்.

ஆனால் இந்த 60 டெசிபல் கணக்கு பெரும்பாலும் பேசுபவர்களுக்கானது. பாடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். உரக்கப் பாடும் ஒருவர் வாய் முன்னால் இரண்டு அங்குலத்தில் ஒலி 110 டெசிபலைத் தொடும். அப்போது அதே எஸ்எம்7பிக்கு 40 டெசிபல் அளவு கெயினே போதும். பையன் பாடும்போது என் இன்டர்ஃபேஸின் குமிழ் பாதி தாண்டவில்லை. அக்கா ஒரு விருத்தத்தை மெல்ல, தனக்குத்தானே பாடுவது போல ஆரம்பித்தபோது அதே குமிழ் முக்கால் தாண்டியது. தாலாட்டும் விருத்தமும் பாடுபவருக்கு அந்தப் பெட்டி தேவைப்படலாம். வீடு அதிரப் பாடுபவர் அந்தக் காசை மிச்சம் பிடிக்கலாம்.

அக்காவின் தலை அசைவுக்கு எஸ்எம்7பியும் வழிவிடவில்லை. அதுவும் 58 மாதிரி கார்டியாய்டு மைக்தான், அதாவது முன்னால் வரும் ஒலியை நன்றாகவும் பின்னால் வருவதைக் குறைவாகவும் கேட்கும் வகை. பக்கத்தில் வந்தால் தடிக்கும், விலகினால் மெலியும். ஒலி மெத்தென்று இருந்ததால் 58ல் இருந்த அளவுக்கு உறுத்தவில்லை, அவ்வளவுதான்.

ஆர்இ20ஐ ஞாயிறு மதியம் எடுத்தோம். 1960களின் கடைசியில் வந்த மைக் இது, வானொலி நிலையங்களில் அறிவிப்பாளர்கள் முன்னால் இருக்கும் அந்தப் பெரிய உருளை. கார்டியாய்டு மைக்கில் அடிக்குரல் தடிப்பதற்குக் காரணம், ஒலி பின்பக்கத் துளை வழியாகவும் சவ்வை வந்தடைவது. மற்ற மைக்குகளில் எல்லா அதிர்வெண்ணும் காப்ஸ்யூலுக்குப் பக்கத்தில் உள்ள அதே துளை வழியாக நுழைகிறது. ஆர்இ20இன் உடம்பு நெடுகக் கீறல் கீறலாகத் துளைகள் இருக்கும். உச்ச அதிர்வெண்கள் காப்ஸ்யூலுக்கு அருகிலும், அடி அதிர்வெண்கள் தள்ளிப் பின்னாலும் நுழைகிற மாதிரி அமைத்திருக்கிறார்கள். வேரியபிள்-டி என்று அதற்குப் பெயர். இதனால் நெருங்கினாலும் விலகினாலும் குரலின் நிறம் அதிகம் மாறாது. பக்கவாட்டில் திரும்பினாலும் ஒலி மங்கிப்போகாமல், கொஞ்சம் சத்தம் மட்டும் குறையும்.

அக்கா வழக்கம் போல் கண்ணை மூடினார், தலை சாய்ந்தது, மேலே போகும்போது பின்னால் போனார். திரும்பிக் கேட்டபோது முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை ஒரே ஆள் பாடியிருந்தார். சத்தம் ஏறி இறங்கியது, அதைக் கையால் அங்கங்கே சரிசெய்துகொள்ளலாம். குரல் மட்டும் மாறவில்லை. அக்கா ஹெட்ஃபோனைக் கழற்றி, "இதுல நான் பாடற மாதிரியே இருக்கு" என்றார். அன்றைக்குக் கேட்டதிலேயே எனக்கு முக்கியமாகப் பட்டது அதுதான். பாடுபவர் தன் பழக்கத்தை மைக்குக்காக மாற்றிக்கொண்டால் பாட்டிலிருந்து ஏதோ ஒன்று போய்விடுகிறது. ஐம்பது வயதில் ஒருவரை அசையாமல் நின்று தேவாரம் பாடச் சொல்வது நியாயமில்லை.

ஆர்இ20இன் குறைகளையும் சொல்ல வேண்டும். பெரியது, கனமானது, முகத்துக்கு நேராக வைத்தால் புத்தகம் தெரியாது. நாங்கள் ஸ்டாண்டின் கையை உயர்த்தி மேலிருந்து சாய்வாக இறக்கியதும்தான் அக்காவுக்குத் திருமுறைப் புத்தகம் கண்ணில் பட்டது. அப்புறம், நெருங்கினாலும் தடிக்காது என்பது சிலருக்கு நஷ்டம். மெலிந்த குரல் உள்ளவர்களுக்கு 58ம் 7பியும் கொஞ்சம் உடம்பு கொடுக்கும், இது கொடுக்காது. விலகி நின்றாலும் நன்றாகத்தானே இருக்கிறது என்று போய்க்கொண்டே இருந்தால் அறையின் எதிரொலி திரும்பவும் உள்ளே வந்துவிடும். தூரக் கணக்கை இந்த மைக்காலும் மாற்ற முடியாது. வெளியீடு 1.5 மில்லிவோல்ட், 58க்கும் 7பிக்கும் நடுவில். விலையோ மூன்றிலும் அதிகம். எஸ்எம்58 அமெரிக்காவில் நூறு டாலரை ஒட்டி விற்கிறது, மற்ற இரண்டும் அதைப் போல நான்கு மடங்கும் அதற்கு மேலும். இங்கே வந்து சேரும்போது வரியும் சேர்ந்துகொள்ளும். இதே வேரியபிள்-டி அமைப்போடு கொஞ்சம் விலை குறைவாக ஆர்இ320 என்று ஒன்று இருக்கிறது, உச்சப் பகுதியில் இன்னும் பளிச்சென்று ஒலிக்கும்.

இவை தவிர சென்ஹைசர் எம்டி421, பேயர்டைனமிக் எம்88, சென்ஹைசர் இ935 ஆகியவையும் பாட்டுக்கு நல்ல மைக்குகள். 58க்கு அடுத்த படி வேண்டும், 7பி அளவுக்குச் செலவு வேண்டாம் என்பவர்கள் இ935ஐக் கேட்டுப் பார்க்கலாம். 58ஐ விட வெளியீடு அதிகம், மேல் பகுதி திறந்திருக்கும். அதே வரிசையில் உள்ள இ945, கார்டியாய்டை விடக் குறுகிய கோணத்தில் கேட்கும் சூப்பர்கார்டியாய்டு. அது மிகக் குறைவாகக் கேட்பது நேர் பின்னால் இல்லை, பின்பக்கத்து இரண்டு ஓரங்களில். கார்டியாய்டு மைக் என்றால் லேப்டாப்பை மைக்கின் நேர் பின்னால் வையுங்கள், சூப்பர்கார்டியாய்டு என்றால் பின்னால் ஓரமாகத் தள்ளி வையுங்கள். இதைச் செய்தாலே லேப்டாப் விசிறியின் சத்தம் பெருமளவு போய்விடும்.

மைக்குக்குச் செலவழிக்கும் முன் நூறு ரூபாய் கூட ஆகாத ஒரு வேலை இருக்கிறது. எல்லோரும் மைக்குக்குப் பின்னால் பஞ்சு ஒட்டுகிறார்கள். கார்டியாய்டு மைக்கின் முகம் பார்ப்பது பாடுபவரின் முதுகுக்குப் பின்னால் உள்ள சுவரை. ஜமக்காளத்தைத் தொங்கவிட வேண்டிய இடம் அது. அக்கா வீட்டில் கொடிக்கயிறு கட்டி இரண்டு ஜமக்காளங்களை மடித்துப் போட்டோம். இரும்பு பீரோவின் கதவைத் திறந்து, உள்ளே அடுக்கியிருந்த சேலைகள் அறையைப் பார்க்கும்படி விட்டோம். சுருதிப் பெட்டி மேசையிலிருந்து ஹெட்ஃபோனுக்குப் போயிற்று. இவ்வளவும் செய்த பிறகு அதே 58ல் பதிவு செய்ததும், முந்தைய நாள் பதிவும் ஒரே மைக் என்று சொன்னால் நம்ப முடியாது.

நீங்களும் ஒப்பிடுவதாக இருந்தால் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். மூன்று பதிவையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்த பிறகு கேளுங்கள். ஒரு டெசிபல் கூடுதலாக இருந்தாலே காது அதைத்தான் நல்ல மைக் என்று சொல்லும். கோப்புகளுக்கு ஒன்று, இரண்டு, மூன்று என்று வேறொருவரைப் பெயர் வைக்கச் சொல்லி, மறுநாள் காலையில் கேட்டோம். பையன் குரலில் எனக்குப் பிடித்தது 7பி என்று நினைத்துக்கொண்டு நான் எடுத்தது 58இன் பதிவு.

58 வாங்குபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. உலகத்திலேயே அதிகம் போலி செய்யப்படும் மைக்குகளில் இதுவும் ஒன்று. பெட்டி, பை, கிளிப் எல்லாம் அச்சாக இருக்கும். பாதி விலை என்றால் சந்தேகப்படுங்கள். அசல் ஏறக்குறைய 300 கிராம் இருக்கும், தராசு இருந்தால் போட்டுப் பாருங்கள். எடை சரியாக இருந்தால் மட்டும் அசல் என்று ஆகிவிடாது, அதனால் அங்கீகாரம் பெற்ற விற்பனையாளரிடம் ரசீதோடு வாங்குவதே நல்லது.

கடைசியில் ஒரே மைக் என்ற எண்ணத்தைக் கைவிட்டோம். பையனுக்கு என் 58ஐயே கொடுத்துவிட்டேன். 7பி அவன் குரலுக்கு இன்னும் நன்றாக இருந்தாலும், அந்த வித்தியாசத்துக்கு அவ்வளவு பணம் இப்போது தேவையில்லை என்பது என் முடிவு. தனியாகப் பேசுபவரும், மைக்கை ஒட்டி அசையாமல் பாடுபவரும், நல்ல கெயின் உள்ள இன்டர்ஃபேஸ் வைத்திருப்பவரும் அதைத் தாராளமாக வாங்கலாம். அக்காவுக்கு ஆர்இ20, பழையது. பழைய ஆர்இ20 வாங்கும்போது மெல்ல ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே இருக்கும் பஞ்சு வருடங்கள் போகப் போகப் பொடிந்து கறுப்புத் தூளாக உதிரும். அதை மாற்றலாம், ஆனால் அந்தச் செலவை விலையில் குறைத்துக் கேட்க வேண்டும். நாங்கள் வாங்கியதில் தூள் விழுந்தது, கேட்டோம், குறைத்தார்கள்.

இப்போது அக்கா விடியற்காலை நாலரை மணிக்குப் பதிவு செய்கிறார். மின்விசிறி நிறுத்தியிருக்கும், தெருவில் பால் வண்டி கூட வந்திருக்காது. தரையில் அவர் நிற்கும் இடத்தில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறேன். அதிலிருந்து ஒரு முழம் பின்னால் இன்னொன்று, அதுவரை அவர் போகலாம்.